கழிமுகத்து மீனும் கன உலோக நஞ்சும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் சங்கத்தின் தொண்டினைப் புகழ்ந்துரைத்தல் மரபு. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் தந்தது, எத்தனை குடும்பங்களில் முதல் பட்டதாரியைக் கண்டது என்பனவற்றை நமக்கு முன் பேசிய பெரியோர் எடுத்துரைத்தனர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். ‘கழிமுகத்து மீனும் கன உலோக நஞ்சும்’ என்பது அப்பொருள். தலைப்பைக் கேட்டவுடன், “கல்விச் சங்கத்திற்கும் மீனுக்கும் என்ன தொடர்பு?” என்று சிலர் நினைத்தல் கூடும். உரை முடிவதற்குள் அத்தொடர்பு விளங்கும் என்பது நம் நம்பிக்கை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர். அறிவியல் ஆசிரியர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் அறிவியல் ஆசிரியர் விடுப்பில் இருந்த நாளொன்றில் ஒன்பதாம் வகுப்பிற்கு நாமே சென்றோம். குடிநீர் பற்றிய பாடம். “தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள தீங்கெல்லாம் நீங்கிவிடும், மீனையும் நன்றாக வேகவைத்து உண்டால் ஒரு குறையும் வாராது” என்று உறுதியாகக் கூறினோம். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். அவள் பெற்றோர் முகத்துவாரத்தில் இறால் தடவிப் பிழைப்பவர்கள். “ஐயா, உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்புப் போய்விடுமா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. போகாது என்பது நமக்குத் தெரியும். நீர் வற்ற வற்ற உப்பு மிகுமே யன்றிக் குறையாது. அவ்வாறாயின், கொதித்தால் போகாத நஞ்சும் உண்டு என்பதுதானே பொருள்? நாம் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தது பாதி உண்மையே. அந்த மாணவியின் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

கன உலோகம் என்பது யாது? நீரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கோ அதற்கு மேலோ கனமான உலோகங்களைப் பொதுவாக இப்பெயரால் வழங்குவர். பாதரசம், ஈயம், காட்மியம், குரோமியம் முதலியன இவ்வகையின. பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு கனமானது. இவற்றுள் செம்பு, துத்தநாகம் போன்ற சில, சிறிதளவு நம் உடலுக்குத் தேவை, மிகுந்தால் கேடு. பாதரசம், ஈயம், காட்மியம் ஆகிய மூன்றினாலும் நம் உடலுக்கு ஒரு நன்மையும் இல்லை. கிருமியை நெருப்பு கொல்லும். இலை தழையை மண் மக்கச் செய்யும். உலோகமோ தனிமம், அதனை நெருப்பும் அழிக்காது, மண்ணும் அழிக்காது, காலமும் அழிக்காது. அது இடம் மாறும், வடிவம் மாறும், இல்லாமற் போகாது. இந்த ஒன்றை நன்றாக மனத்தில் இருத்திக் கொண்டால் எஞ்சியவை எளிதில் விளங்கும்.

அடுத்து, கழிமுகம் என்னும் இடத்தின் இயல்பினைக் காண்போம். ஆற்று நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் இடமே கழிமுகம். நம் மக்கள் முகத்துவாரம் என்பர். மலையிலும் வயலிலும் ஊரிலும் தொழிற்சாலையிலும் இருந்து ஆறு சுமந்துவரும் நுண்ணிய களிமண் துகள்கள், உப்புநீரைத் தொட்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. ஆற்றில் வந்த உலோகத்தின் பெரும்பகுதி அத்துகள்களைப் பற்றிக்கொண்டே வருவதால், அதுவும் அங்கேயே தங்கிவிடுகின்றது. கடல் பெரியது, எல்லாம் கடலில் கரைந்துபோம் என்று பலர் எண்ணுவர். அது பிழை. ஆற்றின் கழிவு கடலை அடையும் முன் கழிமுகச் சேற்றில்தான் முதலில் குடியேறுகின்றது. மேலே நிற்கும் நீரைச் சோதித்தால் உலோகம் மிகக் குறைவாகத் தெரியலாம்; அடியிலுள்ள கருஞ்சேற்றில் அது குவிந்து கிடக்கலாம். ஆகவே “தண்ணீரைச் சோதித்தோம், குறையில்லை” என்று எவரேனும் கூறினால், “சேற்றைச் சோதித்தீர்களா? மீனைச் சோதித்தீர்களா?” என்று கேட்க வேண்டும்.

அதே சேற்றில்தான் உயிர்களும் செழிக்கின்றன. இறாலும் நண்டும் அங்கே வளர்கின்றன. மட்டியும் ஆளியும் நீரை வடிகட்டி உண்டு வாழ்கின்றன. மடவை சேற்றின் மேலுள்ள பாசியை மேய்கின்றது. கடலில் வாழும் மீன் பலவும் குஞ்சுப் பருவத்தைக் கழிமுகத்தில் கழிக்கின்றன. இச்சிறு உயிர்களைக் கொடுவா போன்ற பெரிய மீன் உண்கின்றது. அதனை மனிதன் உண்கின்றான்.

இங்கேதான் பாதரசத்தின் கொடுமை தொடங்குகின்றது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள், பாதரசத்தை ‘மெத்தில் பாதரசம்’ என்னும் கூட்டுப்பொருளாக மாற்றுகின்றன. இது மூல வடிவினும் மிகக் கொடியது. உயிரின் உடலுக்குள் எளிதில் புகும், எளிதில் வெளியேறாது. கந்து வட்டிக்கு வாங்கிய கடனை நாம் அறிவோம். வரும் கூலி சிறிது, கட்டும் தவணை சிறிது, ஏறும் வட்டியோ பெரிது. நாள் செல்லச் செல்லக் கடன் வளரும். அதுபோலவே மீனின் உடலில் நஞ்சின் வரவு மிகுதி, செலவு குறைவு. பாசியில் உள்ளதினும் அதனை உண்ணும் சிற்றுயிரில் மிகுதி. சிற்றுயிரினும் சிறு மீனில் மிகுதி. சிறு மீனினும் அதனை விழுங்கும் பெரு மீனில் மிகுதி. இவ்வாறு படிப்படியாக ஏறி, சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல் பத்து இலட்சம் மடங்கும் அதற்கு மேலும் பெரிய மீனின் தசையில் சேர்தல் கூடும். மெத்தில் பாதரசம் தசையின் புரதத்தோடு பிணைந்து நிற்பதால், மீனைக் கழுவினாலும் கொழுப்பை நீக்கினாலும் புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் அது போவதில்லை. அந்த மாணவியின் கேள்விக்கு விடை இதுவே.

எல்லா உலோகமும் ஒரே வழியில் நடப்பதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். காட்மியம் பெரும்பாலும் தசையில் தங்காமல் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்குகின்றது. சிப்பி, மட்டி, நண்டின் உள்ளுறுப்பு ஆகியவற்றில் மிகுதியாகச் சேர்கின்றது. மனித உடலுள் புகுந்து சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியத்தில் பாதி நீங்கவே பத்து முதல் முப்பது ஆண்டுகளும் ஆகலாம். ஈயம் எலும்பில் படிகின்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கின்றது.

இனி, நாம் பயின்ற துறையாகிய வரலாற்றுக்கு வருவோம். இந்நஞ்சு மக்களை என்ன செய்யும் என்பதை உலகம் ஜப்பான் நாட்டில் கண்டது. கியூஷு தீவில், குமமோட்டோ மாவட்டத்தில், மினமாட்டா என்னும் கடற்கரை நகரம் உள்ளது. 1908-ஆம் ஆண்டு அங்கே ஒரு தொழிற்சாலை எழுந்தது. பிற்காலத்தில் சிஸ்ஸோ எனப் பெயர் பெற்றது. ஊரின் வேலையும் வரியும் மதிப்பும் அத்தொழிற்சாலையைச் சார்ந்தே இருந்தன. 1932 முதல் 1968 வரை அங்கே அசிட்டால்டிஹைடு என்னும் பொருள் செய்யப்பட்டது. அதற்குத் துணைப்பொருளாகப் பாதரசம் பயன்பட்டது. செய்முறையிலேயே மெத்தில் பாதரசம் உண்டாகிக் கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்தது. அவ்வாறு கடலில் சேர்ந்த பாதரசம் 70 முதல் 150 டன் வரை இருக்கலாம் என்று பின்னாளில் மதிப்பிட்டனர். வடிகாலின் வாயருகே ஒரு கிலோ சேற்றில் 2 கிராம் பாதரசம் இருந்ததை 1959-இல் ஆய்வாளர் கண்டனர்.

முதலில் துன்புற்றவை பூனைகள். மீனைத் தின்ற பூனைகள் தள்ளாடிச் சுழன்று கடலில் வீழ்ந்து மடிந்தன. ஊரார் வியந்தனரே யன்றிக் காரணம் அறிந்திலர். 1956 ஏப்ரல் மாதம், ஆறு வயதும் நிரம்பாத ஒரு சிறுமி, நடக்கவும் பேசவும் இயலாமல் தொழிற்சாலையின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். அவள் தங்கைக்கும் அண்டை வீட்டார்க்கும் அதே நோய். மருத்துவமனைத் தலைவர் ஹொசோகாவா ஹஜிமே, மே மாதம் 1-ஆம் நாள், நரம்பைத் தாக்கும் காரணம் அறியா நோய் பரவுகின்றது என்று சுகாதார நிலையத்திற்கு அறிவித்தார். கைகால் மரத்தல், பார்வை சுருங்குதல், காது கேளாமை, நாக் குழறல், நடுக்கம், பின்னர் இறப்பு என நோய் முற்றியது.

நோயுற்றோர் யாவர்? பெரும்பாலும் ஏழை மீனவக் குடும்பத்தினர். அரிசி வாங்கப் பணமில்லாத நாளில் மூன்று வேளையும் மீனையே உண்டோர். இந்நோய் தொற்றுநோய் என்று ஊர் அஞ்சியது. அவர்கள் வீடுகளுக்கு மருந்து தெளித்தனர். கடைக்காரர் அவர்கள் கையால் காசு வாங்கத் தயங்கினர். அக்குடும்பங்களில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுத்தனர். அன்பர்களே! இதனைப் படித்தபோது நமக்கு ஜப்பான் தொலைவில் உள்ள நாடாகத் தோன்றவில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளையும், எட்ட நின்று உள்ளங்கையில் ஊற்றப்படும் தண்ணீரும் நம் முன்னோர் பட்டவை. சில ஊர்களில் நாமும் கண்டவை. குற்றம் செய்தவன் உயர்ந்தோனாகவும், துன்புற்றவன் தீண்டத்தகாதவனாகவும் கருதப்படும் வழக்கம் எந்நாட்டுக்கும் புதிதன்று போலும்.

அடுத்து நடந்தது இன்னும் கொடிது. 1958 செப்டம்பரில் தொழிற்சாலை தன் கழிவுநீரைத் துறைமுகத்தில் விடுவதை நிறுத்தி, மினமாட்டா ஆற்றின் கழிமுகத்தில் விடத் தொடங்கியது. விளைவு, ஆற்று வாயைச் சூழ்ந்தும் வடக்கே கரையோரமாகவும் புதிய நோயாளிகள் தோன்றினர். 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தனர். அதே ஆண்டு மருத்துவர் ஹொசோகாவா, தொழிற்சாலைக் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டினார். ‘400-ஆம் எண் பூனை’ என்று வரலாற்றில் இடம்பெற்றது அது. அக்டோபரில் அதற்கு அந்நோய் கண்டது. நிருவாகம் அவ்வாய்வை வெளியிட விடவில்லை. உண்மை தெரிந்த பின்னும் 1968 வரை நஞ்சு ஓடிக்கொண்டே இருந்தது.

1959 டிசம்பரில் கழிவைத் தூய்மையாக்கும் இயந்திரம் ஒன்றை விழா எடுத்துத் திறந்தனர். தூய்மையான நீர் இது என்று நிறுவனத் தலைவர் எல்லார் முன்னும் குடித்தும் காட்டினார். அவ்வியந்திரமோ கரிமப் பாதரசத்தை நீக்குவதற்காக அமைக்கப்பட்டதே அன்று. அதே மாத இறுதியில் நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இழப்பீடு என்று கூறாமல் ‘அனுதாபப் பணம்’ என்று ஒரு சிறு தொகை தரப்பட்டது. தொழிற்சாலையே காரணம் என்று பின்னால் உறுதியானாலும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கக் கூடாது என்பது அதிலிருந்த நிபந்தனை. வறுமையால் அவர்கள் ஒப்பமிட்டனர். நம் பாட்டன்மார் கடன் சீட்டில் என்ன எழுதியிருக்கின்றது என்றறியாமல் பெருவிரல் பதித்து நிலத்தை இழந்த வரலாறு நினைவுக்கு வருகின்றதா?

1962-இல் மற்றொரு துயரம் மெய்ப்பிக்கப்பட்டது. பிறவியிலேயே கைகால் முடங்கிய குழந்தைகள் அப்பகுதியில் பிறந்திருந்தனர். தாய்க்கோ நோயின் குறி சிறிதே. தாயின் வயிற்றிலுள்ள குழந்தையை நஞ்சுக்கொடி காக்கும் என்றே மருத்துவம் அதுவரை நம்பியிருந்தது. மெத்தில் பாதரசம் அதனைக் கடந்து குழந்தையை அடைந்தது தெரியவந்தது. பிறந்த குழந்தையின் கொப்பூழ்க் கொடியை உலர்த்திப் பாதுகாத்து வைப்பது ஜப்பானியத் தாய்மார் வழக்கம். அவர்கள் பெட்டியில் வைத்திருந்த அக்கொடிகளை மருத்துவர் ஹராடா மசசுமி முதலியோர் பின்னாளில் சோதிக்கச் செய்தபோது, அவற்றில் மெத்தில் பாதரசம் மிகுந்திருந்தது. தாய்மார் அன்பினால் காத்த பொருளே சான்றாக நின்றது.

1965-இல் நீகாட்டா மாவட்டத்தில் அகானோ ஆற்றங்கரையில், வேறொரு நிறுவனத்தின் கழிவால் இதே நோய் இரண்டாம் முறை தோன்றியது. 1968 செப்டம்பர் 26 அன்றுதான் ஜப்பான் அரசு, மினமாட்டா நோய்க்குத் தொழிற்சாலையின் மெத்தில் பாதரசமே காரணம் என்று ஒப்புக்கொண்டது. முதல் அறிவிப்புக்கும் இதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்! அதே ஆண்டு ஆகஸ்டில் அத்தொழிற்சாலையின் தொழிற்சங்கம் ஒன்று, நோயுற்ற மக்களுக்காக நாம் இதுகாறும் போராடாமல் இருந்தது வெட்கத்திற்குரியது என்று வெளிப்படையாகத் தீர்மானம் இயற்றியது. தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் இளைஞர்கள் இதனை மறத்தலாகாது.

1969-இல் நோயாளிகள் வழக்குத் தொடுத்தனர். 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம், நிறுவனமே பொறுப்பு என்றும், 1959-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அறத்திற்கு மாறானது ஆதலின் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. அவையோரே! மார்ச் 20 என்னும் நாள் நமக்கும் உரியது. 1927-ஆம் ஆண்டு அதே மார்ச் 20 அன்றுதான் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரில் சௌதார் குளத்திலிறங்கி நீரை அள்ளிப் பருகினார். இரண்டு நாட்களும் ஒன்றானது தற்செயலே. ஆயினும் இரண்டும் தண்ணீர் பற்றிய வழக்குகள். ஒன்று, நீரைத் தொடும் உரிமை. மற்றொன்று, அந்நீர் நஞ்சாகாதிருக்கும் உரிமை.

நம் மாநிலத்திலும் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையும் கிணறும் குளமும் நம் மக்களுக்கும் உரியன என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவ்வுரிமைக்காக அடிபட்டோர் பலர். அவர்கள் பெற்றுத் தந்த நீரில் இன்று ஈயமும் காட்மியமும் கலக்குமாயின், பெற்ற உரிமை பெயரளவில் நின்றுவிடாதா?

மினமாட்டாவின் பின்கதையையும் கூறிவிடுவோம். நஞ்சுற்ற மீன் வெளியே போகாதிருக்க 1974-இல் விரிகுடாவின் குறுக்கே வலை கட்டினர். 1977 முதல் 1990 வரை சேற்றை அள்ளி 58 எக்டேர் பரப்பைத் தூர்த்து நிலமாக்கினர். 1997-இல்தான் மீன் உண்ணத் தக்கது என்று அறிவித்து வலையை நீக்கினர். நோயாளிகள் என்று அரசு சான்றளித்தோர் 2,200-க்கு மேற்பட்டோர். சான்று பெறாமல் துன்புற்றோர் பல்லாயிரவர். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டது. அதற்கு மினமாட்டாவின் பெயரையே இட்டனர். 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இந்தியாவும் அதனை ஏற்று உறுதி செய்தது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் எண்ணூர் முகத்துவாரம். அங்கே 1970-இல் தொடங்கிய அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதன் பின் வந்த பெரிய நிலையங்கள் இன்றும் இயங்குகின்றன. எரிந்த நிலக்கரியின் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் ஆகியவை சிறு அளவில் எஞ்சி நிற்கும். சாம்பற் குழம்பு கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து, அச்சாம்பல் பல ஆண்டுகளாக முகத்துவாரத்தின் ஒரு பகுதியைத் தூர்த்தது. அதுபற்றிய வழக்கைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் அங்கே பரவி வலையையும் படகையும் கறுப்பாக்கியதைச் செய்தித்தாளில் எல்லாரும் கண்டோம்.

அந்தச் சேற்றில் படகோ பெரிய வலையோ இல்லாமல், இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்துப் பறியில் இடுவோர் யாவர்? இருளர் முதலான பழங்குடி மக்களும், சேரியைச் சேர்ந்த நம்மவர் சிலருமே. பெரிய மீனை விற்றுவிட்டு விலை போகாததை வீட்டுக்குக் கொண்டுசெல்வோரும் அவர்களே. ஆதலின் இது கடற்கரையோரின் துன்பம் மட்டும் என்று நாம் இருத்தல் தகாது.

பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிலில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அத்தொழிலின் குரோமியக் கழிவு வேலூர் வட்டாரத்துக் கிணறுகளைக் கெடுத்தது. அவ்வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்றல் வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உரைத்தது. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவுச் சிக்கலால் 2001-இல் மூடப்பட்டது. நெடுநாள் போராட்டத்தின் பின் 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேர்க்கு உடன்பாடு கிடைத்தது. பொறுமையும் ஒற்றுமையும் ஆவணமும் இருந்தமையால் கிடைத்தது.

சரி, நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, அச்சத்தால் மீனைக் கைவிடலாகாது. மீன் ஏழையின் உடலுக்கு வாய்த்த சிறந்த புரதம். மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்ற சிறு மீன்கள் குறுகிய வாழ்நாள் உடையன. அவற்றில் பாதரசம் குறைவு. பெரிய சுறா போன்ற வேட்டை மீன்களில் மிகுதி. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டுக் கொடுத்தல் நம் வழக்கம். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் பெரிய சுறாவை அடிக்கடி உண்ணாமல், சிறு மீனை உண்ணுதல் நன்று. மீனின் குடலையும் ஈரலையும், நண்டின் உள்ளிருக்கும் பழுப்பு நிறச் சதையையும் நீக்கிச் சமைத்தல் நன்று. கழிவுநீர் விழும் இடத்தருகே பிடித்த சிப்பியையும் மட்டியையும் தவிர்த்தல் நன்று. ஒருவர் நஞ்சுற்ற மீனை நிறுத்தினால், உடலிலுள்ள மெத்தில் பாதரசத்தில் பாதி ஏறத்தாழ 50 முதல் 70 நாட்களில் நீங்கிவிடும். ஆனால் கெட்டுப்போன நரம்பு மீளாது. ஆகவே வருமுன் காத்தலே வழி.

இரண்டாவது, கேட்டல். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உள்ளது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தாள் எழுதி, நம் ஊர் ஆற்றின் நீரையும் சேற்றையும் மீனையும் எப்போது சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்கலாம். பட்டம் பெற்ற பிள்ளை ஒருவர் உள்ள ஒவ்வொரு தெருவும் இதனைச் செய்ய இயலும்.

மூன்றாவது, குறித்து வைத்தல். என்று மீன் செத்து மிதந்தது, எந்நிறத்தில் நீர் வந்தது, எவர்க்கு என்ன நோய் என்று நாளும் இடமும் குறித்து ஒரு குறிப்பேடு சங்கத்தில் இருக்கட்டும். கொப்பூழ்க் கொடி சான்றானதுபோல் ஒருநாள் அக்குறிப்பேடும் சான்றாகும்.

நான்காவது, படிக்காமல் எதிலும் ஒப்பமிடாதிருத்தல். இழப்பீட்டுத் தாள் எதுவாயினும் சங்கத்திற்கு எடுத்து வாருங்கள். நால்வர் படித்த பின் கையெழுத்திடுங்கள்.

ஐந்தாவது, அறிவியல் பயிலுதல். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நம்மைப்போல் வரலாறோ தமிழோ எடுத்து ஆசிரியராக விழைகின்றனர். அது நன்றே. ஆனால் சேற்றில் எத்தனை மில்லிகிராம் காட்மியம் உள்ளது என்று அளந்து சொல்லும் கை நம் தெருவிலிருந்தும் வர வேண்டும். அளக்கத் தெரிந்தவன் சொல்வதையே நீதிமன்றம் கேட்கும். அன்று நம்மைத் திருத்திய மாணவி இன்று கல்லூரியில் வேதியியல் பயில்கின்றாள். அவளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தது இச்சங்கமே. அவள்போல் பத்துப் பேரை உருவாக்குதல் இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் வேலையாக அமையட்டும் என்று வேண்டுகின்றோம்.

கல்விச் சங்கத்திற்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்னும் வினாவிற்கு இப்போது விடை கிடைத்திருக்கும். மினமாட்டா மக்கள் அறியாமல் உண்டனர், அறிந்தவர்கள் மறைத்தனர், வறுமை கையெழுத்திட வைத்தது. அறியாமையை நீக்குவதற்கே இச்சங்கம் தோன்றியது. முன்னோர் நமக்குக் குளத்தையும் கிணற்றையும் திறந்து வைத்தனர். அவற்றையும், அவை சென்று சேரும் கழிமுகத்தையும் கெடாமல் காத்து நம் பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் நம் கடன்.